புறாத் தாலி

சின்னம்மா,

இன்று காலை பட்டறையில் ஒரு பழைய தாலிக்கொடியைத் தீயில் வைத்தார்கள். பொன்னுக்கு வாசம் கிடையாது என்று சொல்பவர்கள் பட்டறைக்குள் வந்து பார்த்ததில்லை. ஒரு பெண்ணின் கழுத்தில் வருடக்கணக்காகக் கிடந்த கொடியின் இடுக்குகளில் சவர்க்காரம், வியர்வை, பவுடர், தேங்காய் எண்ணெய் எல்லாம் படிந்து இறுகிக் கிடக்கும். நெருப்புப் பட்டதும் முதலில் கருகுவது அதுதான். தலைமயிர் பொசுங்குவதுபோல ஒரு நாற்றம், பிறகு கொஞ்ச நேரம் சந்தனச் சவர்க்கார வாசம், அதோடு சரி. கடையின் முன்பக்கத்தில் ஒரு அம்மாவுக்குக் காப்பு அளவு பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வாசம் வந்ததும் கை நின்றுவிட்டது. என்ன பிள்ளை, சுகமில்லையோ என்று அந்த அம்மா கேட்டார். காஸ் மணக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன குளிர்காலத்தில் நீங்கள் போனீர்கள். இப்போது மறுபடியும் குளிர் தொடங்கிவிட்டது. லா சப்பல் தெருவில் நம்முடைய தமிழ்க் கடைக்காரர்கள் வாசலில் மரக்கறிப் பெட்டிகளை உள்ளே இழுத்து வைக்கிறார்கள். நீங்கள் றோல்ஸ் சுருட்டிய கடையில் இப்போது வேறு யாரோ நிற்கிறார். அவர் சுருட்டுகிற றோல்ஸ் பொரிக்கும்போதே வாய் பிளக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பீர்கள்.

அந்த வாசத்தை நான் முதன்முதலில் அறிந்தது பதினொரு வயதில். இதே தெருவில், இதே கடையில், உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றேன். அன்று தீக்குப் போக இருந்தவை இரண்டு. ஒன்று அம்மாவின் கொடி. மன்னாரில் அம்மாவின் கலியாணத்துக்கு வீட்டார் ஒரு காணியை விற்றுச் செய்த பாரமான கொடி. மற்றது உங்கள் தாலி. சிறகு விரித்த சின்னப் புறா, நெஞ்சில் ஒரு சிலுவை. எங்கள் வேதக்காரர் வழக்கமாகச் செய்கிற புறாத் தாலிதான். ஆனால் உங்கள் புறாவுக்கு ஒரு சிறகின் நுனி மழுங்கியிருந்தது. சண்டையின் கடைசி நாட்களில் அதைப் பாவாடை விளிம்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு கடற்கரை மணலில் தவழ்ந்து வந்தீர்களாம். வழியில் எங்கேயோ கல்லில் தேய்ந்துவிட்டது என்று பிறகு ஒருநாள் சொன்னீர்கள்.

பட்டறை அண்ணை இரண்டையும் பார்த்துவிட்டு, தனித்தனியாகத்தானே என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றார் அம்மா. அவர் அம்மாவை விட்டுவிட்டு உங்களைப் பார்த்தார்.

“தங்கச்சி, சேர்த்து உருக்கினா பிறகு பிரிக்கேலாது. தெரியும்தானே?”

நீங்கள் அப்போது பாரிஸுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிரெஞ்சில் உங்களுக்குத் தெரிந்த ஒரே சொல், சரி என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘தக்கோர்’. யாழ்ப்பாணத்துப் பட்டறை அண்ணையிடமும் அதைத்தான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தோளில் நுள்ளினார்.

நடந்ததை உங்களுக்கே திருப்பிச் சொல்வது விசர் வேலைதான். ஆனால் உங்களைத் தவிர வேறு யாரிடமும் இந்தக் கதையை நான் சொன்னதில்லை. வெளியில் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட வாய் இது. பள்ளிக்கூடத்தில் உங்களைப் பற்றிக் கேட்டால், அம்மாவின் தூரத்துச் சொந்தம், எங்களோடு தங்கியிருக்கிறா என்று சொல்ல வேண்டும். ஒப்பித்து ஒப்பித்து எனக்கே அது உண்மைபோல ஆகிவிட்டது.

அப்பா பொல்லாதவர் அல்ல. அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். கார் து நோர் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிய மனிதர். அந்தச் சண்டையில் அவருடைய தம்பிமார் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதை விட்டார், சாப்பாட்டையும் பாதி விட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் ஒருவர் அவரைக் கூட்டிக்கொண்டு பாரிஸுக்கு வெளியே ஸ்தேனுக்குப் போனார். அங்கே பழைய கார் திருத்துமிடம் ஒன்றுக்குள் ஞாயிறு தோறும் ஒரு கூட்டம் நடந்தது. கூட்டத்துக்கு ‘வீடு’ என்று பெயர். அதை நடத்தியவரை எல்லோரும் மூத்தவர் என்றார்கள்.

மூத்தவரின் போதனை ஒரே ஒரு வசனம். “தனி ஆளாய் ஒருத்தரும் பரலோகம் போகேலாது. வீடாய்த்தான் போகவேணும்.” புருஷன் இல்லாத பெண்ணுக்கு வாசல் இல்லை. சண்டை எத்தனையோ பெண்களை வாசல் இல்லாமல் விட்டிருக்கிறது. ஆபிரகாமும் யாக்கோபும் வாழ்ந்ததுபோல விசுவாசமுள்ள ஆண்கள் தங்கள் வீட்டைப் பெருப்பித்து அந்தப் பெண்களை உள்ளே எடுக்க வேண்டும். கேட்பதற்கு முதலில் இரக்கம்போலத்தான் இருந்தது. தம்பிமாரைக் காப்பாற்ற முடியாத அப்பாவுக்கு, யாரையாவது காப்பாற்றலாம் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? விழுந்துவிட்டார். அம்மா அவருக்குப் பின்னால் விழுந்தார்.

நீங்கள் திரான்சி என்ற புறநகரில் ஒரு அறையில், பாய்க்குப் பாய் இடைவெளி இல்லாமல் பெண்கள் படுத்த இடத்தில் இருந்தீர்கள். யாரோ ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கென்று கூட்டி வந்தார்கள். “சோத்துக்குத்தான் வந்தனான் பிள்ளை, சாமி பிறகுதான் வந்தது” என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பது இப்போதும் கேட்கிறது. சோறு போட்டவர்கள் சில மாதத்தில் கணக்குக் கேட்டார்கள். தனியாக இருக்கக்கூடாது, ஒரு வீட்டுக்குள் வர வேண்டும் என்றார்கள். எனக்கு ஒருத்தர் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னீர்கள். கடற்கரையிலிருந்து வெளியே வந்த அன்று ஆண்களை வேறாகப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் உங்களைப் பார்த்து, “நீ முன்னாலை போ, நான் பின்னாலை வாறன்” என்று சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. செத்தார் என்று சொன்னவரும் இல்லை.

மூத்தவர் சொன்னார். தான் கனவில் அவரைக் கண்டதாகவும், அவர் அக்கரையில் நின்று, அவளை விட்டுவிடுகிறேன், ஒரு வீட்டில் சேருங்கள் என்று கேட்டதாகவும் கூட்டத்தின் நடுவில் எழுந்து சொன்னார். கூட்டம் அழுதது. எனக்குப் புரியாமலே நானும் அழுதேன். நீங்கள் அழவில்லை. அவர் என்ன சேட்டுப் போட்டிருந்தவர் என்று மட்டும் கேட்டீர்கள். வெள்ளைச் சேட்டு என்றார் மூத்தவர், யோசிக்காமல்.

நான் வளர்ந்த பிறகு ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் சும்மா சொல்வதுபோலச் சொன்னீர்கள். “பஸ்ஸிலை ஏறேக்கை அவர் போட்டிருந்தது நீலக் கட்டம். என்ரை கையாலை பொத்தான் தைச்ச சேட்டு.” பொய் என்று தெரிந்துமா ஓம்பட்டீர்கள் என்று கத்தினேன். நீங்கள் வெங்காயத்தை விடவில்லை. விசா இல்லை, வேலை இல்லை, அறையில் இருந்தவர்களும் அந்த ‘வீடு’ கூட்டத்து ஆட்கள்தான், போ என்று சொன்னால் எங்கே போவது என்று கேட்டீர்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிற பெண்ணின் கையை மூத்த மனைவிதான் எடுத்துப் புருஷனின் கையில் வைக்க வேண்டும். அதற்கு முன் மூத்தவளின் கொடியை உருக்க வேண்டும். புதியவள் ஏற்கெனவே ஒரு தாலி வைத்திருந்தால் அதையும் அதோடு சேர்த்து உருக்கி, ஒரே கம்பியாக இழுத்து, சமமாக வெட்டி, ஆளுக்கொரு கொடி. தாலிக்குப் பதிலாக வாசல் வைத்த ஒரு சின்ன வீட்டு உரு. ஒரே பொன், ஒரே வீடு என்று மூத்தவர் அதைப் பெருமையாகச் சொல்வார். அம்மா உங்கள் கையைப் பிடித்து அப்பாவின் கையில் வைத்த நேரம் நான் முன்வரிசையில் இருந்தேன். அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. அடுப்பில் இருந்து சட்டியை இறக்கி வைப்பதுபோல வைத்தார்.

போன வருடம் என் போனில் ஒரு பிரெஞ்சு விவரணப்படம் வந்து விழுந்தது. அமெரிக்காவில் ஒரு பாலைவன ஊர். மோர்மன் சபையில் இருந்து பிரிந்து போன குடும்பங்கள். பெரிய சபை எப்போதோ கைவிட்ட பலதார மணத்தை இவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீண்ட சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரி, ஒரு இளம் பெண்ணின் கையை எடுத்துத் தன் புருஷனின் கையில் வைத்தாள். நான் படத்தை நிறுத்தி அந்த முகத்தையே பார்த்தேன். அதே முகம், சின்னம்மா. சட்டியை இறக்கி வைக்கிற முகம். மூத்தவர் தனக்கு வானத்திலிருந்து வந்ததாகச் சொன்னதெல்லாம் எந்தக் கடையில் வாங்கிய சாமான் என்று அன்று விளங்கியது. பொன் உருக்குவதை மட்டும் நம்மவர் சொந்தமாகச் சேர்த்திருக்கிறார். நம்மை எங்கே பிடித்தால் நோகும் என்று தெரிந்தவர்.

ஆனால் உங்களுக்கு நான் எழுத நினைப்பது அவரைப் பற்றி அல்ல. எங்கள் ஸ்தேன் வீட்டின் சின்ன அறையில் நீங்கள் வந்து இருந்த பிறகுதான் அந்த வீட்டில் சிரிப்பு என்று ஒன்று கேட்டது. நான் பிரெஞ்சில் கோபப்பட்டால், “பிரெஞ்சுக்காரி வெளிக்கிட்டிட்டா” என்பீர்கள். கடையில் உடைந்த றோல்ஸை எனக்கென்று கடதாசியில் சுற்றிக் கொண்டு வருவீர்கள். உடையாத ஒன்றையும் உடைத்துச் சேர்த்திருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மா உங்களோடு தேவைக்கு மட்டும் பேசினார். ஆனால் உங்களுக்குப் பிள்ளை தங்காமல் போன ஒவ்வொரு முறையும், கசாயம் வைத்துக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும் வரை அறை வாசலில் நின்றவரும் அம்மாதான். உங்கள் மனம் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்று மூத்தவர் கூட்டத்தில் சொன்னபோது, அம்மா முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

உங்கள் மனம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். பள்ளி விட்டு நான் லா சப்பலுக்கு வரும் நாட்களில், நீங்கள் வேலை முடித்து மெத்ரோ வாசலில் நிற்பீர்கள். மேலே இரும்புப் பாலத்தில் ரெயில் போக, படியால் ஆட்கள் இறங்கி வருவார்கள். நீங்கள் ஆண்களின் முகங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பீர்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பராக்குப் பார்க்கிறன் என்பீர்கள். ஒருநாள் திடீரென்று என் கையை விட்டுவிட்டு ஒரு மனிதருக்குப் பின்னால் நடந்தீர்கள். கார் து நோர் வரைக்கும் நான் புத்தகப் பையோடு ஓடி வந்தேன். சைகை விளக்குக்காக அவர் நின்று திரும்பிப் பார்த்தார். யாரோ ஒருவர். நீங்கள் அவரிடம் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், தக்கோர், தக்கோர் என்று சொன்னீர்கள். திரும்பி வரும்போது என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, “பின்பக்கம் அப்பிடியே கிடந்தது” என்றீர்கள்.

மூன்றாவதாகச் செல்வி வந்தபோது கொடிகள் மறுபடி தீக்குப் போயின. இரண்டு மூன்றானது. செல்வி உங்களைவிட இளையவள், வாய்க்காரி, என்னோடு சண்டை பிடிக்கிற வயது. கொஞ்ச வருடத்தில், சந்தைக்குப் போய் வருகிறேன் என்று பையோடு போனவள் திரும்பவில்லை. போகிற வழியில் தன் பங்குக் கொடியை இந்தத் தெருவிலேயே வேறு ஒரு கடையில் விற்றுவிட்டுத்தான் ரெயில் ஏறினாள் என்று பிறகு தெரிந்தது. வீட்டின் கால் ஒன்று முறிந்துவிட்டது என்று மூத்தவர் உபவாசம் வைத்தார். நீங்களும் நானும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம். “அவள் கெட்டிக்காரி” என்றீர்கள். சிரித்து முடிந்த பிறகு உங்கள் கை கழுத்துக்குப் போனது.

“அதுக்குள்ளை அவற்ரையும் போயிட்டுது, பிள்ளை.”

இந்தத் தெருவில் வேலை செய்வதில் உள்ள வேதனை இதுதான். செல்வி விற்ற கொடியை அந்தக் கடைக்காரன் உருக்கியிருப்பான். உங்கள் புறாவின் ஒரு பகுதி யாரோ ஒரு பிள்ளையின் தோடாக, யாரோ ஒருத்தியின் காப்பாக ஆகியிருக்கும். வாடிக்கையாளர் கையை நீட்டும்போது எனக்கு அந்த நினைப்பு வரும். ஒன்றும் செய்ய முடியாது. அளவு பார்த்து அனுப்புவேன்.

றெஜினா அன்ரியின் முதல் அழைப்பு வந்தது அதற்குப் பிறகு. பஸ்ஸில் ஏறிப் போன உங்கள் அவருடைய தங்கை. ஊரில், காணாமல் போனவர்களைத் தேடுகிற பெண்கள் தெருவோரம் போட்ட கொட்டிலில் தமையனின் படத்தோடு இருக்கிறவர். யாரிடமோ உங்கள் இலக்கம் வாங்கி வீடியோவில் அழைப்பு எடுத்தார். உங்களைக் கண்டதும் போனைக் கிட்டப் பிடிக்கச் சொல்லி உங்கள் கழுத்தைப் பார்த்தார். சேட்டுக் கழுத்துக்குள் அந்த மெல்லிய கொடி தெரிந்தது, வீட்டு உரு உள்ளே கிடந்தது.

“கழட்டேல்லைத்தானே மச்சாள்? போட்டிருக்கிறியள்தானே?”

“ஓம், போட்டிருக்கிறன்” என்றீர்கள்.

அந்தப் பெண் அழுதார், சின்னம்மா. சந்தோஷத்தில் அழுதார். அக்கம்பக்கத்தில் இருந்த பெண்களைக் கூப்பிட்டு, அண்ணையின் தாலியை அவ இன்னும் கழற்றவில்லை என்று காட்டினார். நீங்கள் போனைப் பிடித்தபடி அசையாமல் இருந்தீர்கள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது பொய் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அந்தக் கொடிக்குள் அவருடையதும் இருந்தது. எவ்வளவு என்றுதான் ஒருவருக்கும் தெரியாது.

நான் அந்த வீட்டை விட்டு வந்தபோது உங்களையும் கூப்பிட்டேன். திரான்சியில் சின்ன அறை, இரண்டு பேர் படுக்கலாம், இருவரும் உழைக்கிறோம், மூத்தவரும் வேண்டாம் ஒருவரும் வேண்டாம் என்று கெஞ்சினேன். அந்த நேரம் உங்களுக்கு விசா கிடைத்திருந்தது. போக இடமில்லை என்ற பழைய கதை இனிச் செல்லாது என்று வாதாடினேன். நீங்கள் என் தலையைத் தடவிவிட்டு, அமைதியாகச் சொன்னீர்கள்.

“றெஜினாட்டைக் கிடக்கிறது இந்த விலாசம்தான். அவர் வந்து கேட்டா, அவள் இதைத்தானே குடுப்பாள்.”

நான் வேறு விலாசம் அனுப்பலாம், போன் இருக்கிறது, உலகம் மாறிவிட்டது என்றெல்லாம் சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். தக்கோர் என்றீர்கள். வரவில்லை. உங்கள் புருஷனைச் செத்தவராக்கிய வீட்டில், அவர் தேடி வருவார் என்பதற்காகவே நீங்கள் கடைசிவரை இருந்தீர்கள். இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குத் தெருவில் நின்று கத்த வேண்டும் போலிருக்கும். கத்தினாலும் யாரைப் பார்த்துக் கத்துவது?

நோய் முற்றி, ஆஸ்பத்திரியில் நோவுக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகு உங்கள் கண் எங்கோ போய்விட்டது. மத்தியானம் நான் வந்தால் என்னைத் தெரியும், ஆனால் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாது. ஒருநாள் பாவாடை விளிம்பைத் தடவுவதுபோல படுக்கை விரிப்பின் கரையைத் தடவித் தடவித் தேடினீர்கள். என்ன வேண்டும் என்று குனிந்து கேட்டேன்.

“என்ரை புறாவை எங்கை வைச்சனி?”

உங்கள் கழுத்தில் கிடந்த கொடியை எடுத்து உங்கள் விரல்களில் வைத்தேன். இதோ இருக்கிறது என்றேன். நீங்கள் அதைத் தடவினீர்கள். வீட்டு உருவின் விளிம்பில் விரல் நின்றது. “இது இல்லை” என்று சொல்லி, பிள்ளைகள் பிடிக்காத சாப்பாட்டைத் தள்ளுவதுபோல என் கையைத் தள்ளிவிட்டீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் இருந்தீர்கள். ஆனால் எனக்கு நீங்கள் அந்த மத்தியானமே போய்விட்டீர்கள்.

கூட்டம்தான் உங்களை அடக்கம் செய்தது. தன் வீட்டுக்குப் போனாள் என்று, இப்போது கூட்டத்தை நடத்துகிற மூத்தவரின் மகன் ஜெபம் பண்ணினார். அப்பா ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி நின்றார். கொடியை நான் கொடுக்கவில்லை. நேர்ஸ் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கையில்தான் தந்திருந்தார். ஏன் கொடுக்கவில்லை என்று ஒருவரும் அன்று கேட்கவில்லை.

போன கிழமை கேட்டார்கள். மத்தியானம் கடை வெறிச்சென்றிருந்த நேரம் அம்மா வந்தார். கூட்டத்துப் பெண்கள் போடுகிற வெள்ளை முக்காடு. நான் வீட்டை விட்டு வந்த பிறகு அம்மா இந்தக் கடைக்கு வந்ததே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, யாரோ வாடிக்கையாளர்போல, முடிச்சிட்ட ஒரு கைலேஞ்சித் துணியை அவிழ்த்தார். உள்ளே அவருடைய கொடி. நூல்போல மெலிந்து போயிருந்தது. ஊரிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாளாம். ஒருவரும் இல்லாதவளாம். அப்பாவின் வீட்டில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறதாம். அப்பா இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனிதர்.

“உன்னட்டைக் கிடக்கிறதைத் தா, பிள்ளை. அது வீட்டுக்குரியது. வாறவளுக்குக் காணாது.”

அது சின்னம்மாவின் தாலி, தர மாட்டேன் என்றேன். என் குரல் கடைக்குள் உரத்துக் கேட்டது. பட்டறை அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கைலேஞ்சியில் கிடந்த கொடியை விரலால் நீவிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“நான் மட்டும் விரும்பியே கழட்டினனான்?”

இத்தனை வருடத்தில் அம்மா தனக்கென்று சொன்ன ஒரே வசனம் அதுதான். நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். கசாயம் வைத்துக் கொடுத்திருப்பீர்களோ என்னவோ. நான் அம்மா என்று கூப்பிட்டேன், என் அறைக்கு வாருங்கள் என்றேன். அம்மா கைலேஞ்சியை முடிந்துகொண்டார். வீடாய்த்தான் போகவேணும் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கத்து நகைக்கடைக்குள் போனார். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை முக்காடு குனிவதை நான் இங்கிருந்து பார்த்தேன். அந்த நூலுக்குள் நீங்களும் இருந்தீர்கள், சின்னம்மா. உங்கள் அவரும் இருந்தார். மூன்றாம் தடவையும் தீக்குப் போனீர்கள்.

எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் கழுத்தில் இப்போது அது கிடக்கும். அவளுக்கும் ஒருவர் இருந்திருப்பாரோ, அவர் என்ன சேட்டுப் போட்டிருந்தார் என்று அவளும் கேட்டிருப்பாளோ, தெரியாது.

றெஜினா அன்ரி ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு எடுக்கிறார். நீங்கள் போன செய்தியை நான்தான் அவருக்குச் சொன்னேன். மற்றதொன்றையும் சொல்லவில்லை. மச்சாளின் தாலியை அனுப்பி வையுங்கோ பிள்ளை, அண்ணை வந்தால் கேட்பார் என்கிறார். யாராவது ஊருக்குப் போனால் கொடுத்து விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். நான் கொடுத்து விடவில்லை. அனுப்பினால், அம்மாவின் பொன்னையும் சேர்த்து அவருடைய அண்ணையின் தாலி என்று அந்தப் பெண் நெஞ்சில் வைத்து அழுவார். அனுப்பாவிட்டால், அவருக்குரியதைக் களவெடுத்து வைத்திருக்கிறேன். ஒருநாள் பட்டறை அண்ணையிடம், ஒரு சிறகு மழுங்கிய புறா செய்ய முடியுமா என்று கேட்கக்கூடப் போனேன். வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இதைத் தீயில் வைக்கிற ஆளாக நானும் ஆக வேண்டாம்.

நேற்றும் எடுத்தார். மழை, கொட்டிலின் தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் பாதி கேட்கவில்லை. தாலியை ஒருக்கால் காட்டுங்கோ என்றார். மேல்சட்டையின் உள்பையிலிருந்து எடுத்தேன். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் அது அங்கேதான் கிடக்கிறது. வீட்டு உருவை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, கொடியை மட்டும் போனுக்கு முன்னால் பிடித்தேன். அன்ரி மடியில் இருந்த படத்தை எடுத்துத் துடைத்து, போனுக்கு நேராகத் திருப்பினார். இளம் மனிதர், மீசை, கட்டம் போட்ட சேட்டு.

“அண்ணை, பாருங்கோ. கழட்டேல்லை” என்றார் அந்தப் படத்திடம்.

நான் கையை இறக்கவில்லை. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று பிடித்துக்கொண்டே இருந்தேன். இதில் எது உங்களுடையது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை, சின்னம்மா. அதனால் முழுவதையும் வைத்திருக்கிறேன்.